கிள்ளினால் பெருகும் ஐப்டேசியா

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூன்றடி கடல்நீர்த் தொட்டி, வைத்துப் பதினான்கு மாதம் ஆகிறதாம். உள்ளே இரண்டு கிளவுன் மீன், ஒரு சிக்ஸ் லைன் ராஸ் மீன், கொஞ்சம் ஜோவாந்திட் (பாறையில் பொத்தான் பொத்தானாகக் கூட்டமாக ஒட்டி வளர்கிற, பவளத்தின் உறவுப் பிராணி), காளான் பவளம், ஒரு லெதர் பவளம். "பாறையில் பழுப்பாகப் பூ மாதிரி ஒன்று முளைத்தது, அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன் அண்ணா. இப்போது முப்பதுக்கு மேல் இருக்கிறது. ட்வீசரால் பிடுங்கிப் பார்த்தேன், அதிகமாகிவிட்டது. பக்கத்தில் இருக்கும் ஜோவாந்திட் திறப்பதே இல்லை. பாறையை எடுத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிடலாமா? மூலையில் பச்சையாகக் குட்டையாக ஒன்று இருக்கிறது, அதுவும் இதே ஜாதியா?"

கொதிதண்ணீர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் ஆபத்து அதில்தான். பாறையை அடுப்பில் ஏற்றாதீர்கள், அதன் மேல் கொதிநீர் ஊற்றவும் வேண்டாம். உங்கள் பாறையில் ஜோவாந்திட் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் சிலவற்றில், முக்கியமாகப் பாலிதோவா வகையில், பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு. இயற்கையில் இருக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று, சூட்டுக்கும் முறியாது. பாறையை வேகவைத்தபோது எழுந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பாறையை வெளியே வைத்துப் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் அதே ஆபத்துதான், தெறிக்கிற துளி கண்ணில் பட்டாலே போதும். நம் வீட்டுச் சமையலறை எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

சரி, பழுப்புப் பூவுக்கு வருவோம். அது ஐப்டேசியா. கடல் சாமந்தி என்று மொத்தமாகச் சொல்கிற கூட்டத்தில் ஒரு பொடி வகை. கண்ணாடி போல உள்ளே தெரிகிற பழுப்புத் தண்டு, உச்சியில் தட்டு, தட்டைச் சுற்றி நீளமாக ஊசி போல் கூராக முடிகிற கைகள். என் தொட்டியில் முதன்முதலாக இது வந்தபோது மாடி வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "இன்னாப்பா, தொட்டில செடி மொளச்சிகீது" என்றார். நானும் செடியைப் பார்ப்பது போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு மாதம். அங்கேதான் எல்லோரும் தோற்கிறோம்.

உறுதி செய்ய ஒரு சின்னச் சோதனை. நீளக் குச்சி ஒன்றை மெதுவாக அதன் பக்கம் கொண்டுபோங்கள். ஐப்டேசியா என்றால் கைகளை உள்ளிழுத்து, உடம்பைச் சுருக்கிப் பாறை ஓட்டைக்குள் பழுப்புப் பொட்டாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இறகு விசிறி மாதிரி இருந்து, கண் இமைப்பதற்குள் ஒரு குழாய்க்குள் மறைந்தால் அது விசிறிப் புழு. அது நல்ல பிராணி, அதைக் கொன்றுவிடாதீர்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு விசிறிப் புழுவுக்கு மருந்து போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

பிடுங்கினால் ஏன் அதிகமாகிறது? நம் பக்கத்து நிலத்தில் கோரையோடு மல்லுக்கட்டியவர்களைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். கையால் இழுத்தால் தாள் வரும், கிழங்கு மண்ணுக்குள் நிற்கும், அடுத்த மழைக்கு ஒன்று இருந்த இடத்தில் நான்கு எழும். ஐப்டேசியாவின் கிழங்கு அதன் அடிப்பாதம். பாறையில் ஒட்டியிருக்கும் அந்தப் பாதத்திலிருந்து துணுக்குத் துணுக்காகச் சதை பிய்ந்தாலும் ஒவ்வொரு துணுக்கும் முழுப் பிராணியாக வளர்ந்துவிடும். நீங்கள் பிய்க்க வேண்டும் என்றுகூட இல்லை. அது தானாகவே மெல்ல நகர்ந்துபோகும்போது பின்னால் துணுக்குகளை விட்டுக்கொண்டே போகும். ட்வீசர் போட்டு இழுத்தது அது பொறுமையாகச் செய்கிற வேலையை நீங்கள் அவசரமாகச் செய்து கொடுத்தது போல.

இதன் பிடிவாதத்துக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். பவளமும் அதற்குள் வாழும் நுண்பாசியும் எப்படி ஒத்துப்போகின்றன என்று ஆராய்கிறவர்கள், பவளத்துக்குப் பதிலாக ஐப்டேசியாவைத்தான் ஆய்வகத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். இதற்குள்ளும் அதே வகைப் பாசி இருக்கிறது, வேகமாகப் பெருகும், எளிதில் சாகாது. 2015-இல் இதன் மரபணுத் தொகுதியையே முழுதாகப் படித்து வெளியிட்டார்கள். அவர்களுக்கு எந்தக் குணம் பிடித்ததோ அதே குணம்தான் நமக்குத் தலைவலி. அந்த ஆய்வகங்களில் உடம்பிலிருந்து பாசியை முழுக்க நீக்கிவிட்டு, வெள்ளை வெளேர் என்று, இரை மட்டும் கொடுத்து வருடக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதனால், மூன்று நாள் விளக்கை அணைத்துப் போட்டால் செத்துவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். உங்கள் பவளம்தான் வாடும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளிச்சம் குறைந்தாலும் இரை இருந்தால் இது வாழும். அப்படியானால் உங்கள் தொட்டியில் முப்பது ஐப்டேசியா நிற்கிறது என்றால், முப்பது ஐப்டேசியாவுக்கு மிஞ்சுகிற அளவு சாப்பாடு தினமும் தண்ணீரில் மிதக்கிறது என்று பொருள். மருந்து வாங்குவதற்கு முன்னால் கையைப் பாருங்கள். இரண்டு கிளவுன், ஒரு ராஸ். இந்த மூன்று மீனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போடுகிறீர்கள்? உறைந்த மைசிஸ் (பொடி இறால்) கட்டியை அப்படியே தொட்டியில் போடுகிறீர்களா? அதை டீ வடிகட்டியில் போட்டு ஆர்.ஓ. தண்ணீரில் அலசி, கலங்கல் நீரைக் கொட்டிவிட்டு இறாலை மட்டும் போடுங்கள். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுதான் கணக்கு. வாரத்தில் ஒரு நாள் ஒன்றுமே போடாவிட்டாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. லிட்டருக்கு நைட்ரேட் 5-லிருந்து 10 மி.கி., பாஸ்பேட் 0.03-லிருந்து 0.1 மி.கி., இந்த அளவில் நின்றால் போதும். சுத்தமாகப் பூஜ்யம் ஆக்கிவிடாதீர்கள், ஜோவாந்திட் சுருங்கிப்போகும்.

இதைச் செய்தால் இருப்பது சாகாது. புதிதாகப் பெருகுகிற வேகம் குறையும், அவ்வளவுதான். ஆனால் இதைச் செய்யாமல் கொன்றுகொண்டே இருப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

இனி கொல்லும் வழி. உலகம் முழுக்க எத்தனையோ புட்டிகள் விற்கிறார்கள். ஐப்டேசியா-எக்ஸ், ஜோஸ் ஜூஸ் என்று பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிடைத்தால் வாங்குங்கள், வேலை செய்யும். நான் பல வருடமாக நம்புவது சுண்ணாம்பு. ஆமாம், பாக்கு வெற்றிலையோடு வைக்கிற அதே சுண்ணாம்புதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. பவளத் தொட்டிக்காரர்கள் கால்க்வாசர் என்று ஒரு பொருளைப் பெரிய டப்பாவில் வாங்குவார்கள். அது ஜெர்மன் சொல், நேராகச் சொன்னால் சுண்ணாம்புத் தண்ணீர். பெயர் ஜெர்மனில் இருப்பதால் விலையும் ஜெர்மனியில் இருக்கும்.

அது எப்படிக் கொல்கிறது என்பதற்கு ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளைப் பார்த்தால் போதும். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊறப்போட்டால் முடி கழன்று வரும், தோல் ஊதி இளகும். காரம் புரதத்தைத் தளர்த்துகிற வேலை அது. சுண்ணாம்பு கரைந்து தெளிந்த தண்ணீரின் பி.எச். 12-ஐத் தாண்டும், கடல்நீரோ 8.2 பக்கம் நிற்கிறது. முடியோடு கூடிய மாட்டுத் தோலையே இளக்குகிற காரத்தை, வெறும் சதைப் பையான ஐப்டேசியாவின் வாய்க்குள் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பிலேயே செய்யலாமா என்றால், நான் முதலில் அப்படித்தான் செய்தேன், செத்தது. ஆனால் கடையில் கிடைப்பதில் சிலவற்றில் நிறமும் வாசனையும் சேர்த்திருப்பார்கள், அதெல்லாம் தொட்டிக்குள் போகக்கூடாது. டப்பா திறந்தே கிடந்தால் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து மேல்புறம் வெறும் சாக்கட்டியாக மாறியிருக்கும், அதில் வீரியம் இருக்காது. ஆய்வகத் தரத்துப் பொடியோ, தொட்டிக்கென்று விற்கிற பொடியோ கால் கிலோ வாங்கிக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் வருடக்கணக்கில் வரும்.

ஊசி வேண்டும். ஐந்து மி.லி. சிரிஞ்சு, பதினெட்டு கேஜ் ஊசி. சர்க்கரை வியாதிக்காரர்கள் போட்டுக்கொள்கிற இன்சுலின் ஊசி ஆகாது, கூழ் அதில் இறங்காது. வேலூர் வந்தால் சி.எம்.சி. எதிரே ஐடா ஸ்கடர் ரோட்டில் வரிசையாக மருந்துக் கடைதான், எங்கே கேட்டாலும் கிடைக்கும். ஊசி முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுங்கடித்துவிடுங்கள். எதற்கு என்று கடைக்காரர் கேட்டால் மீனுக்கு என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மீனுக்கு ஜுரம் விட்டுச்சா சார்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு தேக்கரண்டிப் பொடியில் ஆர்.ஓ. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழையுங்கள். பதம் முக்கியம். மாக்கோலம் போட அரைப்பார்களே, துணியில் நனைத்து விரலால் இழுத்தால் உடையாமல் கோடாக விழுகிற மாவு, அந்தப் பதம். அதைவிடத் தண்ணியாக இருந்தால் ஊசியை விட்டு வந்ததும் புகையாகக் கலைந்துவிடும். கெட்டியாக இருந்தால் ஊசி அடைத்துக்கொண்டு, நீங்கள் அழுத்த அழுத்த, கடைசியில் ஒரே பீச்சாகப் பவளத்தின் மேல் விழும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. சுண்ணாம்புப் பொட்டலம் கண்ணில் தெறித்துப் பார்வை கெட்ட பிள்ளைகள் நம் நாட்டில் நிறையப் பேர். அப்படிப் பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் கண்ணைக் கழுவி, நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டு வைத்தியம் எதுவும் விடக்கூடாது.

இப்போது தொட்டிக்கு வாருங்கள். தண்ணீரை அசைக்கிற வேவ்மேக்கர், கீழ்த்தொட்டியிலிருந்து தண்ணீரை ஏற்றுகிற ரிட்டர்ன் பம்ப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தண்ணீர் அசைவு நின்று, மிதக்கிற தூசி கீழே இறங்குகிற வரை ஐந்து நிமிடம். மைசிஸ் அலசிய நீரில் இரண்டு சொட்டை ஒரு ஐப்டேசியாவின் மேல் விடுங்கள். கைகள் நீளும், தட்டு விரியும், நடுவில் கீற்று மாதிரி வாய் தெரியும். பசியோடு இருக்கிற ஐப்டேசியா வாயைத் திறந்தே காட்டும். ஊசியை மேலிருந்து கொண்டுவராதீர்கள், பக்கவாட்டில், கைகளைத் தொடாமல், நத்தை வேகத்தில் கொண்டுவந்து, வாய்க்கு நேரே ஒரு நெல் அகலத்தில் நிறுத்துங்கள். மெதுவாக அழுத்தினால் வெள்ளைக் கூழ் ஒரு சொட்டாகத் தட்டின் நடுவில் உட்காரும். முதல் நொடியில் அது சாப்பாடு என்று நினைத்துக் கைகளை உள்ளே மடக்கும். இரண்டாவது நொடியில் புரிந்துவிடும். அதற்குள் கூழ் உள்ளே போயிருக்கும். சுருங்கும்போது பக்கத்திலிருந்து பஞ்சு நூல் மாதிரி வெள்ளை இழைகளைக் கக்கும். அவை அதன் கொட்டும் இழைகள், பக்கத்தில் பவளம் இருந்தால் சுடும். சுருங்கி உட்கார்ந்த குழியின் மேலேயும் இன்னும் ஒரு சொட்டு வைத்துக் குழியை மூடிவிடுங்கள், வாசலில் சிமெண்டு பூசுகிற மாதிரி. கோரைக்குச் சொன்னது இங்கேதான். வாயில் மட்டும் விட்டால் மேல்பாதி சாகும், பாதம் பிழைக்கும். குழி மூடினால்தான் பாதத்துக்கும் சேர்த்து.

பம்புகளை அரை மணி நேரம் நிறுத்தியே வையுங்கள். அதற்கப்புறம் ஏர்லைன் குழாயால் அந்த வெள்ளைக் கூழையும் அழுகின சதையையும் உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டுப் பம்பைப் போடுங்கள். உறிஞ்சாமல் பம்பைப் போட்டால் சுண்ணாம்பு தொட்டியெங்கும் பனி மாதிரிப் பறக்கும்.

ஒரே நாளில் முப்பதையும் முடித்துவிடலாம் என்ற ஆசை வரும், வரட்டும், அடக்கிக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூன்றடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடித் தொட்டி என்றால் சுமார் 190 லிட்டர். பாறை, மணல் போக 160 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். ஒரு கிராம் சுண்ணாம்புப் பொடி அதில் முழுக்கக் கரைந்தால் ஆல்கலினிட்டி, அதாவது தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறன், அதன் அளவான டி.கே.எச். கணக்கில் அரை ஏறும், பி.எச். கால் புள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். மூன்று நான்கு கிராம் ஒரே மாலையில் உள்ளே போனால் பி.எச். 8.8-ஐத் தாண்டிவிடும். நான் இந்தக் கணக்கு போடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து ஐப்டேசியாவுக்கு ஒரே மூச்சில் வைத்தேன். தண்ணீர் பால் மாதிரிக் கலங்கியது. இரவு பத்து மணிக்கு என் கிளீனர் இறால் பக்கவாட்டில் கிடந்தது. நான்கு வருடம் என் விரல் நகத்தைச் சுத்தம் செய்த இறால் அது. அதனால் ஒரு தடவைக்குக் கால் மி.லி., ஒரு நாளைக்கு ஆறேழு உயிர், மூன்று நாள் இடைவெளி. பி.எச். பேனா ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 8.5-ஐத் தொட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். விடியற்காலையில் பி.எச். இயல்பாகவே தாழ்ந்திருக்கும், அதனால் விளக்கு எரிவதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்வது நல்லது.

பெரியதிலிருந்து தொடங்குங்கள். பெரியதுதான் துணுக்கு விடுகிறது. ஜோவாந்திட்டுக்கு ஒட்டி நிற்பதைக் கடைசிக்கு வையுங்கள், அதற்குள் கை பழகியிருக்கும். இரண்டு வாரம் கழித்து, முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் குண்டூசித் தலை அளவில் புதிது தெரியும். அது தோல்வி இல்லை, விட்டுப்போன துணுக்கு வெளியே வருகிறது. அந்த அளவில் ஒரு துளியே போதும். இப்படி இரண்டு மாதம் விடாமல் பார்த்தால் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும்.

எலுமிச்சைச் சாறு, வினிகர் இரண்டையும் ஊசியில் ஏற்றிப் போடுகிறவர்கள் உண்டு. சின்னதுக்கு வேலை செய்யும். ஆனால் தண்ணீராக இருப்பதால் குழியில் நிற்காது, பாதம் தப்பிவிடும். ஃபெவிக்விக் மாதிரிப் பசையை வைத்து மூடுவதும் ஒரு வழி. பாறை சல்லடை மாதிரி இருப்பதால் ஐப்டேசியா வேறு ஓட்டை வழியாக வெளியே வந்து உங்களைப் பார்க்கும். காஸ்டிக் சோடாவை மட்டும் தொடாதீர்கள். நம் மாவட்டத்தில் அது எளிதாகக் கிடைக்கும் என்பதால் சொல்கிறேன். வேகமாகக் கொல்லும், உண்மைதான். கையையும் கண்ணையும் தொட்டியையும் சேர்த்து வேகமாகக் கெடுக்கும்.

ஏதாவது பிராணியை விட்டால் தின்றுவிடாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். பெப்பர்மின்ட் இறால் தின்னும். இரவில் வெளியே வந்து சின்ன ஐப்டேசியாக்களைக் கிள்ளித் தின்னும், பெரியதன் பக்கம் போகாது. அதனால் சுண்ணாம்பால் பெரியதை முடித்துவிட்டுப் பிறகு இதை விட்டால் குண்டூசித் தலைகளைப் பார்த்துக்கொள்ளும். நாம் மீனுக்கு நிறையப் போட்டால் இதுவும் மைசிஸைத் தின்றுவிட்டு ஐப்டேசியாவைத் திரும்பிப் பார்க்காது, திரும்பவும் அதே கதைதான்.

ஆனால் வாங்கும்போது ஏமாந்துவிடாதீர்கள். கேமல் இறால் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் சிவப்பு வெள்ளைக் கோடுதான். கடையில் இரண்டையும் பெப்பர்மின்ட் என்றே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நிஜப் பெப்பர்மின்ட்டின் உடம்பு கண்ணாடி போல உள்ளே தெரியும், மெல்லிய சிவப்புக் கோடு தலையிலிருந்து வால் பக்கம் நீளவாக்கில் ஓடும், முதுகு ஓரளவு நேராக இருக்கும். கேமல் இறாலுக்கு முதுகில் திமில் மாதிரித் தூக்கல், கண் பெரிது, மூக்கு மேல் நோக்கி நிற்கும், சிவப்பும் வெள்ளையும் அடர்த்தியாகக் கட்டமிட்ட மாதிரி இருக்கும். நான் சென்னையில் ஒரு கடையில் பெப்பர்மின்ட் என்று சொல்லி மூன்று வாங்கிவந்தேன். வீட்டுக்கு வந்து பத்தாவது நாள் ராத்திரி சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தால், மூன்றும் என் ஜோவாந்திட்டைச் சுற்றி உட்கார்ந்து பந்தியில் சாப்பிடுவது போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஐப்டேசியா அப்படியே இருந்தது. சென்னையில் வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போனால் இறாலின் முதுகைப் பாருங்கள், கடைக்காரர் வாயைப் பார்க்காதீர்கள்.

பெர்கியா என்று ஒரு கடல் நத்தை உண்டு, ஓடு இல்லாத வகை. அதற்கு உலகத்தில் ஒரே சாப்பாடு ஐப்டேசியா. இரவில் குழிக்குள்ளேயே போய்ப் பாதம் வரை தின்றுவிடும், தின்ற ஐப்டேசியாவின் கொட்டும் செல்களைத் தன் முதுகிலுள்ள இழைகளில் சேமித்துத் தனக்கே ஆயுதமாக வைத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த பிராணி. நம் பக்கம் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் உங்கள் தொட்டிக்கு வேண்டாம், சிக்ஸ் லைன் ராஸ் இருக்கிறதே, அது பெர்கியாவைப் பொரி மாதிரிப் பொறுக்கிவிடும். ராஸ் இல்லாத தொட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றிரண்டு வாங்கி விடுவது பணத்துக்குக் கேடு, ஆறேழாவது வேண்டும். கடைசி ஐப்டேசியா தீர்ந்ததும் அவை பட்டினியில் செத்துவிடும், அதனால் வேலை முடிகிற சமயத்தில் வேறு யாருடைய தொட்டிக்காவது மாற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீன் தின்னும் என்பார்கள். சில தின்னும், சில திரும்பிக்கூடப் பார்க்காது. மூன்றடித் தொட்டியில் அந்த மீனை அடைப்பது பாவம். ஃபைல் மீனில் ஒரு வகை நன்றாகத் தின்னும், அப்புறம் ஜோவாந்திட்டையும் ருசி பார்க்கும்.

இப்போது எல்லோரும் மறக்கிற இடம், சம்ப், தொட்டிக்குக் கீழே வடிகட்டும் சாமான்கள் இருக்கிற துணைத் தொட்டி. தொட்டியில் ஒன்றுகூட இல்லாமல் ஆக்கிவிட்டு, ஒரு மாதத்தில் திரும்ப இருபது வந்தது என்று வருகிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி, சம்புக்குத் தண்ணீர் வழிகிற ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா என்பதுதான். என் வீட்டில் தாய்க்கூட்டம் அங்கேதான் இருந்தது. வெளிச்சம் இல்லை, ஆனால் மேலிருந்து வழிகிற எச்சில் சாப்பாடு முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது. பைப் மூட்டு, நுரையோடு அழுக்கைப் பிரிக்கிற ஸ்கிம்மரின் அடிப்பாகம், பம்பின் சல்லடை, எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். இவற்றில் பவளம் இல்லை, ஜோவாந்திட் இல்லை, அதனால் கருணை காட்ட வேண்டியதில்லை. கழற்றி வாளியில் போட்டு வினிகர் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்துக் கழுவினால் போதும். கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் பம்பை நிறுத்தி, மேலே சுண்ணாம்பு வைத்து, செத்தபின் பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டி உறிஞ்சிவிடுங்கள். உயிரோடு சுரண்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

ஒரே ஒரு பாறையில் மட்டும் கூட்டமாக, அதில் நல்ல பவளம் எதுவும் இல்லாமல் இருந்தால் வேறு வழி இருக்கிறது, அதற்கு நம் ஊரைவிடத் தோதான இடம் கிடையாது. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைச் சொல்வார்கள். சாமி 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், மற்றது அப்படியேதான். கடலும் இல்லை. ஆனால் வெயில் இருக்கிறது. அந்தப் பாறையை ஜோவாந்திட், பாலிதோவா ஒன்றும் இல்லை என்று நன்றாகப் பார்த்துவிட்டு எடுத்து, மொட்டை மாடியில் தெற்குப் பக்கம் மூன்று வாரம் போடுங்கள், அடிக்கடி புரட்டிப் போடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் போட்டால் ஐப்டேசியா என்ன, அதன் வம்சமே இருக்காது. நாற்றம் வரும், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காய்ந்த பாறையை நேராகத் தொட்டியில் திரும்பப் போடக்கூடாது, உள்ளே செத்ததெல்லாம் அழுகி அம்மோனியா கிளம்பும். தனி வாளியில் உப்புத் தண்ணீரும் பம்பும் வைத்து அம்மோனியா பூஜ்யம் ஆகிற வரை ஓட்டிவிட்டுப் போடுங்கள்.

மாற்றுப் பாறை வேண்டுமென்றால் செயற்கைப் பாறை வாங்குங்கள். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போகிறவர்களிடம் பவளக் கல் பொறுக்கிவரச் சொல்லாதீர்கள். கல் பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கரையில் செத்துக் கிடந்ததுதான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

புதிதாக வாங்குகிற ஜோவாந்திட் எதுவானாலும் அது ஒட்டியிருக்கும் சின்ன வட்டக் கல்லின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பாதி ஐப்டேசியா நம் வீட்டுக்கு அந்த வழியாகத்தான் வருகிறது. பவளத்துக்கென்று விற்கிற டிப் மருந்தில் முக்கினால் பூச்சி போகும், ஐப்டேசியா போகாது. முடிந்தால் கல்லிலிருந்து பவளத்தைக் கையுறை போட்டுக்கொண்டு பெயர்த்து வேறு கல்லில் ஒட்டிவிட்டு, பழைய கல்லைக் குப்பையில் போடுங்கள். தனித் தொட்டி இருந்தால் ஆறு வாரம் அங்கே வைத்திருந்து பாருங்கள்.

கடைசியாக அந்தப் பச்சைக் குட்டை. நீங்கள் அனுப்பிய படத்தில் கைகள் குட்டையாக, நுனியில் உருண்டையாக, அவரை மொட்டு மாதிரி இருக்கின்றன. அது ஐப்டேசியா இல்லை, மஜானோ என்கிற இன்னொரு கடல் சாமந்தி. சிலர் கிளவுன் மீன் குடியிருக்கும் பபுள் டிப் கடல் சாமந்தியின் குட்டி என்று நினைத்து ஊட்டி வளர்ப்பார்கள். வளராது, பிரியும். இரண்டு, நான்கு, எட்டு. ஐப்டேசியா அளவுக்குச் சட்டென்று சுருங்காது என்பதால் ஊசிக்கு இது எளிது. ஆனால் பெப்பர்மின்ட் இறாலும் பெர்கியாவும் இதற்கு உதவாது, சுண்ணாம்பு மட்டும்தான். படத்தில் பார்த்த வரை அது மூலையிலுள்ள கைப்பிடி அளவுச் சில்லுக் கல்லில் தனியாக உட்கார்ந்திருக்கிறது, அதே கல்லில் வேறு எதுவும் தெரியவில்லை. ஒன்றே ஒன்றாக இருக்கும்போதே அந்தச் சில்லை அப்படியே எடுத்து மாடிக்குக் கொண்டுபோய்விடுங்கள். எடுக்கும்போது கல்லை மட்டும் பிடியுங்கள், தொட்டிக்குள் வைத்து அதைச் சுரண்ட வேண்டாம்.